மார்ஸ் அட்டாக்ஸ் 1962: விலை ஓவியத்துக்கா, அட்டையின் மூலைக்கா?

வாசகர் கேள்வி, 2023 செப்டம்பர் 3

1962-இல் அமெரிக்காவில் பபுள்கம்முடன் விற்கப்பட்ட, செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்கும் கதையைப் படங்களாகச் சொல்லும் மார்ஸ் அட்டாக்ஸ் தொகுதியில் 55 அட்டைகள் இருக்கின்றன. முதல் அட்டைக்கும் 55-ஆம் அட்டைக்கும் மற்றவற்றைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். 55 என்பது வெறும் பட்டியல் அட்டை, கதைக் காட்சிகளின் வரிசையில்கூட அது சேராது. ஓவியத்துக்காகத்தான் இந்தத் தொகுதி புகழ்பெற்றது என்றால், ஓவியக் காட்சி இல்லாத அட்டைக்கு ஏன் இந்த விலை? எனக்கு என்னவோ இது வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்றே படுகிறது.

செப்டம்பர் 3, இரவு

வியாபாரிகள் கட்டிவிட்டதில்லை, ரப்பர் பேண்டு கட்டிவிட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டைகளை எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு டிரவுசர் பைக்குள் திணித்துக்கொண்டு திரிந்தார்கள். அடுக்கின் மேலே இருப்பது 1, கீழே இருப்பது 55. தேய்மானம் முழுவதும் அந்த இரண்டுக்கும்தான். போதாக்குறைக்கு, 55-ஆம் அட்டையில் இருக்கும் பட்டியலில் தன்னிடம் உள்ள எண்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளாத பிள்ளை அரிது. ஆகவே குறியில்லாத, மூலை மடங்காத 55 குறைவாகவே எஞ்சியது. விலை அந்தக் குறைவுக்குக் கொடுக்கப்படுகிறது.

ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஓவியத்தை விரும்பி இந்தத் தொகுதிக்குள் வருகிறவர், ஓவியத்தோடு சம்பந்தமில்லாத விலைப்பட்டியலைப் பின்பற்ற வேண்டுமா என்பது அது. வேண்டாம் என்பது என் கட்சி. காரணங்களைப் பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 5

முதலில் ஓவியத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் "சாண்டர்ஸ் வரைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது. இந்தப் படங்கள் ஒரு கையால் வந்தவை அல்ல.

புரூக்ளினில் இருந்த, பபுள்கம்மும் அட்டைகளும் விற்ற டாப்ஸ் நிறுவனத்தில் உடி கெல்மனும், அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர் லென் பிரவுனும் யோசனையைத் தொடங்கினார்கள். தூண்டுதல், வாலி உட் வரைந்த ஒரு சித்திரக்கதை இதழின் அட்டை: ஈசி நிறுவனத்தின் வியர்ட் சயின்ஸ் 16-ஆம் இதழ். மூளை வெளியே தெரியும் பெருந்தலை வேற்றுக்கிரகவாசிகள் அங்கேயே வந்துவிட்டார்கள். தொடக்க வரைவுகளை உட்டிடமே கேட்டு வாங்கினார்கள். அவற்றை 54 காட்சிகளாக அடைத்துப் பென்சிலில் அமைத்ததில் பெரும்பங்கு பாப் பவலுடையது. அந்தப் பென்சில் கோடுகளின் மேல் வண்ணம் தீட்டியவர் நார்மன் சாண்டர்ஸ். சில படங்களில் மோரிஸ் ப்ளூமென்ஃபெல்டின் தூரிகையும் இருக்கிறது. பின்பக்கக் கதையை எழுதியவர் பிரவுன்.

இதில் எனக்கு வியப்பு தருவது பவலின் பங்குதான். இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம் கொண்ட அட்டையில் ஒரு நகரம் எரிய வேண்டும், அதன் முன்னால் ஒரு முகம் அலற வேண்டும், நடுவில் ஒரு செவ்வாய்வாசி துப்பாக்கியோடு நிற்க வேண்டும். எதையும் நுணுகிப் பார்க்காமல், பெட்டிக்கடை வாசலில் நின்று ஓர் எட்டு வயதுப் பையன் ஒரு நொடியில் புரிந்துகொள்ள வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடையில் ஒரு குறுக்குக் கோடு என்ற அமைப்பைத் தொகுதி முழுவதும் அவர் விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தியிருக்கிறார். சாண்டர்ஸின் வண்ணத்தை மட்டும் புகழ்கிறவர்கள் இந்த எலும்புக்கூட்டைக் கவனிப்பதில்லை.

சாண்டர்ஸ் 1907-இல் பிறந்தவர். மலிவுக் காகிதக் கதை இதழ்களின் அட்டைகளை 1930-களில் மலைமலையாக வரைந்து தள்ளியவர். அந்த இதழ்கள் செத்துப்போன பிறகு, 1958-இல் டாப்ஸில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? அணி மாறிய பேஸ்பால் வீரர்களின் புகைப்படங்களில், பழைய அணியின் சீருடைமேல் புதிய சீருடையை வரைந்து ஒட்டுப்போடுவது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஓவியர் தொப்பியில் எழுத்து மாற்றிக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் கையில் ஒரு கிரகப் போரையே கொடுத்தார்கள். அந்தப் பசி இந்த அட்டைகளில் தெரிகிறது என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். எனக்குத் தெரிகிறது.

செப்டம்பர் 6

"உறையில் டாப்ஸ் பெயரே இல்லையே, பபுள்ஸ் இன்க் என்றுதானே இருக்கிறது, இது வேறு கம்பெனியின் சரக்கா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதே டாப்ஸ்தான். பேஸ்பால் அட்டையால் நல்ல பெயர் வாங்கிய நிறுவனம், இரத்தம் வழியும் சரக்குக்குத் தன் பெயரைப் போடத் தயங்கி வேறு பெயரில் விற்றது. வெள்ளோட்டம் விட்டபோது தொகுதியின் பெயர்கூட "அட்டாக் ஃப்ரம் ஸ்பேஸ்" என்றே இருந்தது. வம்பு வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

செப்டம்பர் 10

நான் நியூ ஜெர்சிக்கு வருவதற்கு முன் சிவகாசியில் ஆஃப்செட் அச்சில் வேலை பார்த்தவன். அதனால் அட்டை கைக்கு வந்ததும் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே லென்ஸை வைத்து அச்சின் மைப்புள்ளியைப் பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை. அந்தக் கோணத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சேகரிப்பாளர்கள் எழுதி நான் படித்ததில்லை.

செவ்வாய்வாசிகளின் தலையைச் சுற்றிக் கண்ணாடிக் கவசம் இருக்கிறது. அது கண்ணாடி என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அதன்மேல் வளைந்து ஓடும் ஒன்றிரண்டு வெள்ளைக் கீற்றுகள். சாண்டர்ஸ் மூலப்படத்தில் அவற்றை வெள்ளை வண்ணத்தால் தீட்டியிருப்பார். அச்சில் வெள்ளை மை கிடையாது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளும் விலகி நிற்கும் இடத்தில் அட்டையின் வெறுந்தாள் தெரிகிறதே, அதுதான் அந்தக் கீற்று. லென்ஸின் அடியில் பார்த்தால் கவசத்தின் நீலப் புள்ளிகள் கீற்றை நெருங்க நெருங்கச் சிறுத்து, நடுவில் ஒன்றுமில்லாமல் ஆகி, மறுபக்கம் மீண்டும் பெருத்து வருவதைப் பார்க்கலாம். துப்பாக்கியிலிருந்து பாயும் கதிரின் நடுப்பகுதி, தீ நாக்கின் உட்புறம், அலறும் வாயின் பல், விரிந்த கண்ணின் வெண்விழி எல்லாம் இதே கணக்குதான். இந்தத் தொகுதியில் திகில் முழுவதும் வெறுந்தாளில் நிற்கிறது.

இப்போது அறுபது ஆண்டு பழுப்பேறிய அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மை அப்படியே இருக்கும், தாள் மட்டும் மஞ்சளித்துவிடும். அப்போது முதலில் சாவது ஓரம் அல்ல, இந்தக் கீற்றுகள். கண்ணாடி மங்கிப் பிளாஸ்டிக் ஆகிவிடும், கதிரின் சூடு இறங்கிவிடும், வெண்விழி காமாலைக்காரர் கண்போல் ஆகிவிடும். படம் பாதி வலுவை இழந்துவிட்டது என்பது பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் அட்டையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே, ஓவியத்துக்காக வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மூலையை அல்ல, தாளின் வெண்மையை. அதற்கு அடுத்து ரெஜிஸ்டர். நான்கு மைகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் அரை முடி விலகினாலும், சிறிய முகங்களில் உதடு வாயைவிட்டு ஓடிவிடும். இந்தத் தொகுதியில் பின்னணியில் ஓடும் கூட்டத்தின் முகங்கள் அரிசி அளவே இருக்கும். ரெஜிஸ்டர் விலகிய அட்டையில் அவை முகங்களாகவே இருக்காது.

செப்டம்பர் 11

அச்சுக்காரன் புத்தியால் இன்னொன்று. 55 என்ற எண்ணிக்கை ஏன்? டாப்ஸின் பேஸ்பால் அட்டைகள் அக்காலத்தில் 132 அட்டை கொண்ட தாளில், குறுக்கே 11, நெடுக்கே 12 என்று அச்சாகின. அதே ஆண்டு, அதே ஓவியர்களைக்கொண்டு வெளிவந்த சிவில் வார் நியூஸ் தொகுதியில் 88. 1965-இன் பேட்டில் தொகுதியில் 66. 1966-இன் முதல் பேட்மேன் தொகுதியில் 55, அடுத்து வந்த இரண்டில் 44. எல்லாம் 11-இன் மடங்கு. தொகுதி 55-இல் முடிந்தது கதாசிரியரின் விருப்பத்தால் இல்லை, கட்டிங் மெஷினின் விருப்பத்தால் என்றே நினைக்கிறேன்.

செப்டம்பர் 11, மாலை

உடனே ஒருவர் 1964-இன் அவுட்டர் லிமிட்ஸ் தொகுதியைக் காட்டி மடக்கிவிட்டார். அதுவும் பபுள்ஸ் இன்க் பெயரில் வந்த டாப்ஸ் சரக்குதான், அதில் 50 அட்டைகள். 50 பதினொன்றால் வகுபடாது. சரி, கட்டிங் மெஷினுக்கும் சில நாள் விடுமுறை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். போக்கு அதுதான், சட்டம் இல்லை.

செப்டம்பர் 17

"தடை செய்யப்பட்ட அட்டைகள், அதனால்தான் அரிது" என்று விற்பனை விளம்பரங்களில் தொடர்ந்து போடுகிறார்கள். இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நடந்தது இது. அட்டைகள் விற்பனைக்கு வந்ததும் பெற்றோர்களிடமிருந்து புகார்கள் வந்தன. டாப்ஸ் 13 படங்களை, இரத்தத்தையும் பெண்ணுடலையும் குறைத்து, மீண்டும் வரையச் செய்தது. அவை மாற்றி அச்சாவதற்கு முன்பே, கனெடிகட் மாநிலத்து அரசு வழக்கறிஞர் ஒருவரிடமிருந்து விசாரணை வந்தது. நிறுவனம் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. சட்டமன்றத் தடை, நீதிமன்றத் தீர்ப்பு என்று எதுவும் இல்லை. வம்பு வேண்டாம் என்று ஒரு கம்பெனி கடையைச் சாத்தியது, அவ்வளவுதான்.

ஏன் இந்த வம்பு 1962-இல் வந்தது என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1954-இல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு சித்திரக்கதைகளை விசாரித்தது. அதே ஆண்டு பதிப்பாளர்களே தணிக்கை விதி ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். ஈசியின் திகில் இதழ்கள் மூச்சை விட்டன. ஆனால் அந்த விதி சித்திரக்கதை இதழுக்குத்தான் பொருந்தும். பபுள்கம்முக்குள் வரும் அட்டையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஈசியில் வரைந்த வாலி உட்டின் கற்பனை எட்டு ஆண்டுகள் கழித்து ஐந்து சென்ட் உறைக்குள் நுழைந்து பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் முன்வாசலைப் பூட்டினார்கள், சரக்கு கொல்லைப்புறமாக வந்தது.

இந்தக் கதை விலையைக் கூட்டுகிறதா என்றால், கூட்டுகிறது. ஆனால் அரிதாக்கியது கதை என்று சொல்ல எனக்குத் தயக்கம். விற்பனை நின்றதால் அச்சான எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் அதே காலத்தின் வேறு பல அட்டைகள் இதைவிடக் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன, அவற்றை யாரும் தேடுவதில்லை. தேடுகிறவர் எத்தனை பேர் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கையை 1996-இல் டிம் பர்ட்டனின் திரைப்படம் ஒரே வீச்சில் பெருக்கிவிட்டது.

செப்டம்பர் 18

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. உடி கெல்மன் தாமே பெரிய சேகரிப்பாளர். டாப்ஸ் வேலையோடு, பழைய அட்டைகளைத் தபாலில் விற்கும் கார்டு கலெக்டர்ஸ் கம்பெனி என்ற வியாபாரத்தையும் நடத்தியவர். பிள்ளைகளின் கைபடாத சரக்குக்கு இப்படி ஒரு வழி இருந்தது என்பதை, "ஒரு பிள்ளையாவது மூலை மடங்காமல் வைத்திருக்குமா" என்று சந்தேகப்படுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புத்தம் புதிதாகத் தோன்றும் பழைய அட்டையெல்லாம் போலி ஆகிவிடாது.

செப்டம்பர் 24

36-ஆம் அட்டையைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும். "நாயை அழித்தல்" என்பது அதன் தலைப்பு. செவ்வாய்வாசியின் கதிர் பட்டு நாய் எலும்பாகிக்கொண்டிருக்கிறது. அதற்குரிய பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கதைக்காட்சிகளில் முதல் அட்டையை விட்டுவிட்டால், ஓவியத்துக்காகவே அதிக விலை போகும் அட்டைகளில் இதற்குத்தான் முன்னிடம். ஆக, சந்தை ஓவியத்தைப் பார்ப்பதே இல்லை என்ற என் வாதத்துக்கு இது எதிர்ச்சாட்சி என்று சொல்லலாம். சொல்லியும் விட்டார்கள். நான் இப்படிப் பார்க்கிறேன்: சந்தை ஓவியத்தைப் பார்க்கவில்லை, விஷயத்தைப் பார்க்கிறது. நாயைக் கொன்றதற்கு விலை, வரைந்த விதத்துக்கு இல்லை. இதே தொகுதியில் மனிதர்கள் எரிகிறார்கள், நகரங்கள் தரைமட்டமாகின்றன, கப்பல்கள் மூழ்குகின்றன. அமெரிக்கத் தாய்மார்களின் மனத்தில் நின்றது நாய்தான்.

வரைந்த விதத்தைச் சொன்னால், 36 நல்ல அட்டைதான், தொகுதியின் மிகச்சிறந்த அட்டை என்று சொல்லமாட்டேன். எனக்கு 5-ஆம் அட்டை பிடிக்கும்: வாஷிங்டன் எரிகிறது. கேபிடல் கட்டிடத்தின் வெள்ளையை ஆரஞ்சும் சிவப்பும் தின்றுகொண்டிருக்கின்றன. மேலே சொன்ன வெறுந்தாள் கணக்கு அங்கே கட்டிடமாகவே நிற்கிறது. தாள் பழுத்த பிரதியில் அந்தக் கட்டிடம் எரிவதற்கு முன்பே அழுக்காகத் தெரியும்.

செப்டம்பர் 25

பூச்சிகளைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒரு நண்பர். நடுவில் செவ்வாய்வாசிகள் பூமியின் பூச்சிகளைப் பூதாகரமாக வளர்த்து ஏவிவிடும் பகுதி வருகிறது. கதை அங்கே தொய்வடைகிறது என்பது பொதுவான அபிப்பிராயம். எனக்கும் அப்படித்தான், இரண்டாம் முறை பார்க்கும்வரை. வாலி உட்டின் செவ்வாய்வாசியிடம் சாண்டர்ஸ் அடங்கி வேலை செய்கிறார். பூச்சி வந்ததும் அவருடைய பழைய இதழ் அட்டைகளின் கை திரும்பிவிடுகிறது. முடியடர்ந்த கால், பளபளக்கும் ஓடு, கூட்டுக்கண் எல்லாம் ஒருவித ஆனந்தத்தோடு தீட்டப்பட்டவை. தொகுதியில் மலிவான அட்டைகளில் பலவும் இவைதான் என்பதைக் காதோடு சொல்லிவைக்கிறேன்.

அக்டோபர் 2

தரமதிப்பீட்டுக்கு வருகிறேன். பிஎஸ்ஏ நிறுவனம் 1991-இல் தொடங்கியது. ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகிறது. மூலை, விளிம்பு, மேற்பரப்பு, ஓரங்களின் நடுநிலை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். இந்தத் தொகுதியில் வெள்ளை ஓரம் இருப்பதால் அச்சு ஒருபக்கம் சாய்ந்தால் உடனே பல்லிளித்துவிடும். ஆகவே நடுநிலைக்காகவே பல அட்டைகள் மதிப்பெண் இழக்கின்றன.

கவனிக்க வேண்டியது இது. அவர்களுடைய 9-க்கான விளக்கத்தில், சிறிய குறை ஒன்று இருக்கலாம் என்று சொல்லி, பின்பக்கத்தில் மிக இலேசான மெழுகுக் கறையையோ சற்றே வெண்மை குன்றிய ஓரத்தையோ அனுமதிக்கிறார்கள். அதாவது வெண்மை குன்றியும் ஓர் அட்டை 9 வாங்கலாம். மூலை ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி மழுங்கினால் 9 கிடைக்காது. அவர்கள் மதிப்பிடுவது பொருளின் நிலையை, அதில் தவறில்லை. ஆனால் படத்தைப் பார்க்க வாங்குகிறவருக்கு, மழுங்கிய மூலையும் வெள்ளைத் தாளும் கொண்ட 5 என்பது, கூர்மூலையும் மங்கிய தாளும் கொண்ட 8-ஐவிட மேலான அட்டை. விலையோ தலைகீழ்.

இந்தத் தலைகீழ்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு.

அக்டோபர் 3

"அப்படியானால் 8 வாங்கியவன் முட்டாளா" என்று கோபமாக வந்திருக்கிறது. இல்லை. நாளை விற்பதாக இருந்தால் 8-தான் புத்திசாலித்தனம், ஏனென்றால் அடுத்து வாங்குகிறவரும் எண்ணைத்தான் பார்ப்பார். நான் பேசுவது சட்டகம் போட்டுச் சுவரில் மாட்ட, அல்லது இரவில் லென்ஸோடு உட்கார வாங்குகிறவரைப் பற்றி. இரண்டு நோக்கத்தையும் ஒரே அட்டையில் நிறைவேற்ற நினைத்தால் பணம் நிறைய வேண்டும்.

அக்டோபர் 15

மறுபதிப்பும் மோசடியும். நீளமாக எழுதுகிறேன், இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

இந்தத் தொகுதி 1984-இல் மறுபதிப்பாக வந்தது. 1994-இல் டாப்ஸே புதுப் படங்களைச் சேர்த்து மீண்டும் வெளியிட்டது. அவை போலி அல்ல, மறுபதிப்பு என்றே விற்கப்பட்டவை. பின்பக்கத்தைப் படித்தாலே தெரிந்துவிடும். ஆபத்து இரண்டு. ஒன்று, அந்த அடையாளத்தைச் சுரண்டியோ மறைத்தோ, தேநீர்க் கறை ஏற்றியோ விற்பது. மற்றொன்று, பழைய அட்டை ஒன்றை ஸ்கேன் செய்து அடித்த பிரதி.

இரண்டாவதைப் பிடிக்க லென்ஸ் போதும். மூல ஓவியத்திலிருந்து நேரே எடுத்த அச்சில் புள்ளிகள் ஒழுங்கான கோணத்தில் ஒரே ஓட்டமாக இருக்கும். ஏற்கெனவே புள்ளியாக அச்சான ஒன்றை மீண்டும் புள்ளியாக்கினால், பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதிக்கொண்டு பட்டைபட்டையாகவோ கட்டம்கட்டமாகவோ அலையடிக்கும். எழுத்துகளைப் பாருங்கள்: அசலில் கறுப்பு எழுத்து கெட்டியான ஒரே மை. பிரதியில் அதன் விளிம்பில் நீலமும் சிவப்பும் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். இதற்கு நிபுணர் வேண்டாம்.

மூன்றாவதாக, ஓரம் வெட்டுவது. மழுங்கிய மூலையைச் சீவி எறிந்துவிட்டால் அட்டை புதிதாகத் தெரியும், அளவு மட்டும் சற்றுக் குறையும். ஓர் இணையவழி விற்பனையாளரிடம் நான் வாங்கிய அட்டை ஒன்று வந்தபோது, அது மற்ற அட்டைகளோடு அடுக்கினால் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அளவுகோலை வைக்கும் முன்பே எனக்கு ஐயம் வந்தது விளிம்பைப் பார்த்துத்தான். அக்காலக் கட்டிங் மெஷினில் கட்டுக்கட்டாக வெட்டும்போது கத்தி மேலிருந்து அழுத்திக்கொண்டே இறங்குவதால், அட்டையின் ஒரு முகத்தின் விளிம்பு இலேசாக உள்ளே உருண்டும் மறுமுகத்தின் விளிம்பு பிசிறோடும் இருக்கும். அந்த நார்களும் முகத்தைப் போலவே அறுபது ஆண்டு அழுக்கைக் குடித்திருக்கும். சமீபத்தில் சீவியதில் வெட்டு வெள்ளையாக, கண்ணாடிபோல் நேராக இருக்கும். மூன்று பக்கம் பழுப்பும் ஒரு பக்கம் வெள்ளையும் இருந்தால், அந்த ஒரு பக்கம் நமக்குப் பிந்திப் பிறந்தது. திருப்பி அனுப்பினேன். பணம் வந்தது, ஆனால் நிறைய கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு.

அக்டோபர் 16

ஆக, பிளாஸ்டிக்கில் அடைத்தது வாங்குவதுதான் பாதுகாப்பு என்று இதிலிருந்து முடிவெடுத்திருக்கிறார்கள் சிலர். 1-க்கும் 36-க்கும் 55-க்கும் ஆம், நானும் அதையே சொல்வேன். பணம் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் கத்தரிக்கோலும் இருக்கும். நடுவில் உள்ள சாதாரண அட்டைக்குச் சீவிப் பாடுபட யாருக்கும் ஆதாயமில்லை.

நவம்பர் 5

மூல ஓவியங்கள் எங்கே என்று கேட்டவருக்கு. அவை அட்டையைவிடக் கொஞ்சமே பெரியவை. பெரிய திரையில் வரைந்து சுருக்கியவை என்று பலரும் நினைப்பது சரியில்லை. நிறுவனத்துக்குக் கூலிக்கு வரைந்த படங்கள் என்பதால் அவை ஓவியரின் சொத்தாக இருக்கவில்லை. டாப்ஸ் 1989-இல் தன் கிடங்கிலிருந்த மூலங்கள் பலவற்றை நியூயார்க்கில் கெர்ன்சீஸ் ஏலத்தில் விற்றது. அப்போது தலைப்புச்செய்தி ஆனது 1953-ஆம் ஆண்டின் பேஸ்பால் அட்டைக்கு வரைந்த, வீரர் மிக்கி மேன்டிலின் ஓவியம். ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மார்ஸ் அட்டாக்ஸ் மூலங்கள் இப்போது தனியார் கையில் இருக்கின்றன, எப்போதாவது ஒன்று ஏலத்துக்கு வருகிறது.

சாண்டர்ஸ் 1989-இல்தான் இறந்தார். வாலி உட் 1981-லேயே போய்விட்டார், பவல் 1967-இல், கெல்மன் 1978-இல். 1996-இன் படத்தை இந்த நால்வரில் ஒருவரும் பார்க்கவில்லை.

மேன்டிலை இழுத்ததால் ஒரு சிறு கிளைப்பேச்சு: 1952-ஆம் ஆண்டின் டாப்ஸ் மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அதுவும் அச்சடித்த அட்டைதான், உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் மூல ஓவியம் இல்லை. பேஸ்பால் பக்கம் மனிதருக்கு விலை, நம் பக்கம் படத்துக்கு விலை என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோம். ஆனால் அங்கும் இங்கும் அந்த விலையை ஏற்றி இறக்குவது மூலைதான்.

நவம்பர் 12

இதைச் சொல்ல மறந்துவிடுவேன் என்று தோன்றுவதால் தனியாக. வாலி உட் 1965-இல் தொடங்கிய தண்டர் ஏஜென்ட்ஸ் சித்திரக்கதையில் டைனமோ என்ற வீரனின் நிஜப்பெயர் லென் பிரவுன். பபுள்கம் கம்பெனியில் உட்கார்ந்து செவ்வாய்ப் போரை எழுதிய அதே பிரவுனின் பெயர்தான். அந்தக் கதைகளிலும் பிரவுனின் பங்கு உண்டு. சந்தை விலையோடு இதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

நவம்பர் 26

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் வந்திருக்கிறார். முழுத் தொகுதிக்குப் பணமில்லை, ஓவியத்துக்காகச் சில அட்டைகள் போதும், எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

1-ஐயும் 55-ஐயும் மறந்துவிடுங்கள். அவற்றின் மறுபதிப்பை வாங்கி இடத்தை நிரப்பிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 36 வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், மதிப்பெண் மிகக் குறைந்த, ஆனால் படத்தின்மேல் மடிப்புக் கோடு போகாத ஒன்றைத் தேடுங்கள். மடிப்பு ஓரத்தோடு நின்றால் பரவாயில்லை, பையனின் முகத்தை வெட்டிக்கொண்டு போனால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மற்றவற்றில், நேரில் பார்க்க முடிந்தால் அட்டைக் கண்காட்சியில் வியாபாரியின் ஆல்பத்திலிருந்து வாங்குங்கள். அங்கே உள்ள மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாத் தாளும் ஒன்றுபோலத் தெரியும். சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். கூடவே ஒரு துண்டு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு போய், அட்டையின் ஓரத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால், கவசத்தின் கீற்று தெரியும்படி நெருங்கிய படம் ஒன்றும் பின்பக்கப் படம் ஒன்றும் கேளுங்கள். பின்பக்கம் மஞ்சளாகவும் முன்பக்கம் பளிச்சென்றும் இருந்தால், விற்பவர் முன்பக்கப் படத்தை மட்டும் வெளிச்சமாக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் கொள்முதல் 5-ஆம் அட்டையும் பூச்சிகளில் ஏதேனும் ஒன்றுமாக இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அடுத்து எது வேண்டும் என்று என்னைக் கேட்கமாட்டீர்கள்.

நவம்பர் 27

பெட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் உறையைப் பற்றி உடனே கேட்டுவிட்டார்கள். மென்மையான பழைய பிவிசி உறை வேண்டாம், அது வியர்த்து மையை இழுக்கும். பாலிப்ராப்பிலீன் அல்லது மைலார் உறை போதும். வெயிலில் மாட்டாதீர்கள்: சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், எரியும் வாஷிங்டன் நீலமாகிவிடும்.